டாக்டர் சாமிநாதையரும் மணிமேகலைச் சொற்களும்

பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றிய பெரியார் என்றே டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களை உலகம் போற்றுகின்றது. அவர் வாழ்நாள் முழுதும் சொற்பொருள் கற்கும் மாணவராகவே இருந்தார் என்பது அத்துணைப் பேசப்படுவதில்லை. பௌத்த நூலொன்றைப் பொருள் விளங்கப் படிக்க முற்படுவோர் அறிய வேண்டுவது அப்பகுதியே.

சங்கீத வித்துவானாகிய வேங்கடசுப்பையருக்கு மகனாக 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் அவர் பிறந்தார். ஊர் உத்தமதானபுரம். இளமையில் செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை கற்றார். அசை, சீர், தளை, தொடை என்னும் உறுப்புக்களை அறிந்த பின்னரே செய்யுளின் ஓசை அவருக்கு வசமாயிற்று. அக்காரிகையை இயற்றிய அமிதசாகரர் சமணர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பயின்று வந்த இசையையும், ஆசிரியருக்கு அது உவப்பன்று என அறிந்து விட்டொழித்தார். 1876-இல் பிள்ளையவர்கள் மறையும்வரை அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் எண்ணிறந்தன கற்றார்.

இத்துணைக் கல்வியும் போதாதென்பது 1880-இல் வெளிப்பட்டது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவ்வாண்டிலேயே, அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தாம் கற்ற நூல்களை அவர் அடுக்கிச் சொல்லியும் வியவாது, சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினவினார். படித்ததில்லை. ஏட்டைத் திறந்தபோது தமிழ் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. சைன சமயக் குறியீடுகள் வழியை மறித்தன. ஐயர் நாணவில்லை. கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் மாணவர் போல இருந்து கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது.

மணிமேகலையோ இதனினும் கடினமாயிற்று. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரையேனும் இருந்தது. மணிமேகலைக்குப் பழைய உரை கிடையாது. சென்று கேட்கத் தமிழ்நாட்டில் பௌத்தக் குடிகளும் அக்காலத்து அவருக்கு அகப்படவில்லை. ஓதுவாரும் உரைப்பாரும் அற்றுப்போன பின், நூல் எஞ்சியும் அதன் சொல் ஊமையாய்க் கிடந்தது.

அச்சொற்களுட் பல வடசொற்களும் அல்ல. பன்னிரு நிதானங்களைச் சாத்தனார் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை எனத் தொடரும் தமிழ்ப் பெயர்களால் வழங்குகின்றார். வாயில் என்றால் வீட்டு வாயில் என்றே எவரும் கொள்வர். அங்கே அது ஆறு புலன்களின் இடம். ஊறு துன்பமன்று, புலனும் பொருளும் கூடும் கூட்டம். அருவுரு பாலியில் நாமரூபம் எனப்படுவது. அறியாத சொல்லைக் கண்டால் கற்பவன் நின்று கேட்பான். அறிந்த சொல்லே வேறு பொருளில் வந்தால் ஐயமின்றித் தவறிச் செல்வான். மணிமேகலையின் அருமை பெரிதும் இதனாலேயே என்பது எம் கருத்து. இறுதிக் காதைகளில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் தருக்கக் குறியீடுகளும் வந்து சேர்கின்றன.

ஐயருக்கு ஆங்கிலம் தெரியாது. பௌத்தம் பற்றி அந்நாளில் கிடைத்த ஆராய்ச்சியோ பெரும்பாலும் மேனாட்டார் ஆங்கிலத்தில் எழுதியது. இவ்விடத்துத் துணைநின்றவர் கல்லூரிப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியார். அவர் அந்நூல்களைப் படித்துத் தமிழில் எடுத்துரைப்பார். ஐயர் கேட்டு, ஏட்டின் அடிகளோடு ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். இவ்வாறு பாலி நூற் பொருள் ஆங்கிலத்தின் வழியே வந்து, தமிழ்ச் சொல்லுக்கு அதன் பழம்பொருளை மீட்டுத் தந்தது.

1898-இல் மணிமேகலை தம் அரும்பதவுரையுடன் வெளிவந்தபோது, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்று வசனப் பகுதிகளையும் ஐயர் எழுதிச் சேர்த்தார். மும்மணிகளை அறியாதார்க்குக் கதை விளங்கினும் காப்பியம் விளங்காது எனக் கண்டமையின் இவை எழுதப்பட்டன போலும். சைவ மடத்தில் வளர்ந்த அந்தணர் ஒருவர், புத்தர் வரலாற்றைக் காழ்ப்பும் கலப்புமின்றி இனிய தமிழில் எழுதியது சிறிய செயலன்று.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை அங்கே பணிபுரிந்தார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. 1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதி வந்தார். அது முற்றுப்பெறுமுன், 1942 ஏப்ரல் 28-இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.