சிரிப்புப் பாட்டால் சொத்துச் சண்டையை அம்பலப்படுத்திய கவிமணி!

நம்ம வல்லம், செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் அப்பன் காணி பிள்ளைக்கு. இதில் பேச என்ன இருக்கு என்பீர்கள்.

ஆனால் தெற்கே நாஞ்சில் நாட்டில் 100 வருஷத்துக்கு முன்னால் கதையே வேறு!

அது அப்போது திருவிதாங்கூர் ராஜா சீமை. அங்கே வேளாளர்களில் பெரும்பாலோருக்கு மருமக்கள் வழி. ஒருத்தர் கண்ணை மூடினால் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். குடும்பத்தில் மூத்த ஆம்பிளைதான் காரணவர். சாவிக்கொத்து அவர் இடுப்பில். கணக்குக் கேட்டால் நேரே கோர்ட்டுதான்.

இந்த அநியாயத்தைச் சிரிக்கச் சிரிக்கப் பாட்டில் சொன்னவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை.

1876-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி தேரூரில் பிறந்தவர். வாத்தியார் வேலை. குழந்தைகளுக்கு அவர் எழுதிய பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர்கள் குறைவு. அந்தச் சாதுவான மனிதரா இப்படிக் குத்தலாக எழுதினார் என்று ஆச்சரியமாக இருக்கும்.

அஞ்சாவது பெண்டாட்டி

1917-ல் 'தமிழன்' பத்திரிகையில் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' தொடராக வரத் தொடங்கியது. எழுதியவர் பெயர் கிடையாது! சொந்த ஜனத்தையே கேலி செய்துவிட்டுப் பெயரும் போட்டால் ஊரில் நிம்மதியாக நடமாட முடியுமா?

மான்மியம் என்றால் பெருமை பாடுவது. கோவில் புராணம் மாதிரி படலம் படலமாகப் போகிறது. உள்ளே இருப்பதோ மாமியார் கொடுமையும் வழக்குச் செலவும்தான். மாமியின் அரசாட்சிக்கென்றே ஒரு படலம். வழக்காடிக் குடும்பம் முழுகியதற்கு இன்னொன்று. அதன் பெயர் கோடேறிக் குடிமுடித்த படலம். அந்தப் பக்கத்துப் பேச்சில் கோடு என்றால் கோர்ட்டு!

அத்தனையையும் சொல்லிப் புலம்புகிறவள் காரணவரின் அஞ்சாவது பெண்டாட்டி. அங்கேதான் கவிமணியின் கெட்டிக்காரத்தனம். வாத்தியார் உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்? வாயும் வயிறும் எரிகிற பொம்பிளை பேசினால் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கும்.

சட்டம் வந்தது

இந்த முறையை மாற்றச் சொல்லி அப்போதே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதனால் பாட்டு ஒண்ணே சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. ஆனால் மேடைப் பேச்சு எட்டாத அடுக்களைக்கும் பாட்டு எட்டும்.

1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமை கிடைத்தது. பாகம் பிரித்துக்கொள்ளவும் வழி பிறந்தது.

கவிமணி 1931-ல் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான புத்தேரியில் தங்கிவிட்டார். 1940-ல் சென்னையில் அவருக்குக் 'கவிமணி' பட்டம் கொடுத்தார்கள். 1954-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி காலமானார்.

மான்மியம் புத்தகமாக வந்தது 1942-ல்தான். அப்போது சட்டத்துக்கே 16 வயது!