பங்கு ஆலயத்தில் உருவான மறைசாட்சி



புனித தாமஸ் மூரை நினைக்கும்போது லண்டன் கோபுரச் சிறையும் கொலைக்களமுமே நம் மனக்கண் முன் வருகின்றன. அரசனையே எதிர்த்து நிற்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? விடை தேடினால், தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த செல்சீ என்னும் சிற்றூரின் பங்கு ஆலயத்திற்கு நாம் செல்ல வேண்டும்.

இன்று செல்சீ லண்டன் மாநகரின் ஒரு பகுதி. அன்றோ அது வயல்களும் தோட்டங்களும் சூழ்ந்த தனிக் கிராமம். 12ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே ஆற்றை ஒட்டி ஆலயம் இருந்தது. 1478இல் லண்டனில் பிறந்த மூர், இளமையில் கார்த்தூசியத் துறவிகளோடு செபத்தில் நாள்களைக் கழித்தவர். ஆனால் இறைவன் தம்மை இல்லறத்திற்கே அழைப்பதாக உணர்ந்து மணம் புரிந்தார். நான்கு பிள்ளைகளைத் தந்த முதல் மனைவி 1511இல் இறக்க, ஆலிஸ் என்ற கைம்பெண்ணை மணந்தார். சிறந்த வழக்கறிஞராக உயர்ந்த அவர், 1524ஆம் ஆண்டளவில் குடும்பத்தோடு செல்சீயில் குடியேறினார்.

அந்த ஆலயத்தின் தென்புறச் சிற்றாலயத்தை 1528இல் அவர் சீரமைத்தார். 1529இல் அரசருக்கு அடுத்த உயர்ந்த பதவியாகிய லார்டு சான்சலர் பதவி அவரைத் தேடி வந்தது. ஆயினும் ஞாயிறுதோறும் வெள்ளை அங்கி அணிந்து பாடகர் குழுவில் நின்று பாடினார். விருந்துக்கு வந்த நார்ஃபோக் கோமகன் இதைக் கண்டு, இது அரசருக்கே அவமானம் என்று கடிந்துகொண்டாராம். அரசருக்கும் தலைவராகிய கடவுளுக்குச் செய்யும் பணி அரசரை வருத்தாது என்று மூர் புன்னகையோடு பதில் சொன்னார். ஊர்ப் பவனிகளிலும் குதிரையில் ஏற மறுத்து, மக்களோடு நடந்தே சென்றார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர்.

அவரிடம் குறையும் இருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அவர் பதவியிலிருந்த காலத்தில், திருச்சபைக்கு எதிரான கொள்கையினர் என்று 6 பேர் எரிக்கப்பட்டனர். அத்தகைய தண்டனை நியாயமானது என்றே அவர் எண்ணினார். சமய சுதந்திரம் மனித மாண்பிலிருந்து எழுகிறது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்த ஒளியில், இதை நாம் வருத்தத்தோடுதான் பார்க்கிறோம்.

எட்டாம் ஹென்றி தம் திருமணத்தை விலக்கிக்கொள்ள விரும்பி, திருத்தந்தையின் அதிகாரத்தை மறுக்கத் தொடங்கினார். மூர் 1532இல் பதவி விலகினார். வருமானம் குறைந்தது, வீட்டுச் செலவைச் சுருக்க நேர்ந்தது. அதே ஆண்டில், செல்சீ ஆலயத்தில் தமக்கென ஒரு கல்லறையையும் ஆயத்தம் செய்தார்.

1534 ஏப்ரலில், வாரிசுச் சட்டத்திற்கு உறுதிமொழி எடுக்க லாம்பெத் மாளிகைக்கு அழைப்பு வந்தது. அன்று காலை அவர் முதலில் சென்ற இடம் தம் பங்கு ஆலயம். பாவசங்கீர்த்தனம் செய்து, திருப்பலி கண்டு, நற்கருணை உட்கொண்டார். வழக்கமாக மனைவி மக்கள் படகுத்துறை வரை வந்து வழியனுப்புவார்கள். அன்றோ அவர் தோட்டத்துக் கதவைத் தம் பின்னால் சாத்திவிட்டு, அவர்களை வரவிடாமல் புறப்பட்டார். படகில் சற்று நேரம் துயரத்தோடு அமர்ந்திருந்தவர், பிறகு தம் மருமகன் வில்லியம் ரோப்பரிடம், போர் வென்றாகிவிட்டது என்று கடவுளுக்கு நன்றி கூறினார். கோபுரத்திற்குள் நுழையுமுன்பே, கதவைச் சாத்திய அந்த நொடியில் அவர் வென்றுவிட்டார்.

அவர் உறுதிமொழி எடுக்கவில்லை. சிறைக்கு வந்த மனைவி, வீடும் நூலகமும் தோட்டமும் காத்திருக்க இங்கே ஏன் அடைபட்டுக் கிடக்கிறீர் என்று கேட்டார். நம் வீட்டைப்போல இதுவும் விண்ணகத்திற்கு அருகில்தானே இருக்கிறது என்று மூர் திருப்பிக் கேட்டார். 1535 ஜூலை 6ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. உடல் கோபுரத்திலுள்ள ஆலயத்தில் புதைக்கப்பட்டது. அவர் ஆயத்தம் செய்த செல்சீ கல்லறை அவருக்குப் பயன்படவில்லை.

1935இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2000இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அரசியல் பணியாளரின் பாதுகாவலராக அவரை அறிவித்தார். 1941 ஏப்ரலில் விழுந்த குண்டுகளால் செல்சீ ஆலயத்தின் பெரும்பகுதி இடிந்தது. மூரின் சிற்றாலயமோ தப்பி நின்றது. மீண்டும் கட்டப்பட்ட அவ்வாலயம் இன்று ஆங்கிலிக்கன் சபையினருடையது.

அன்பானவர்களே, மறைசாட்சியம் ஒரே நாளில் பிறப்பதில்லை. ஞாயிறுதோறும் பாடிய பாடலிலும், மக்களோடு நடந்த பவனியிலும், உட்கொண்ட நற்கருணையிலும் அது மெல்ல வளர்ந்தது. நாமும் ஞாயிறுதோறும் ஆலயம் செல்கிறோம். திங்கட்கிழமை ஒரு பொய்க் கணக்கில் கையொப்பமிடச் சொல்லும்போது, மறுக்கும் வலிமையை நேற்றைய திருப்பலி நமக்குத் தந்திருக்கிறதா?

புனித தாமஸ் மூரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.