நாடற்றவர்க்கு நான்சென் தந்த தாள்

பொருளாதாரப் பேராசிரியராக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் நான் வரைந்த படங்களுள் ஒன்று, ஊதியம் குறைந்த நாட்டிலிருந்து ஊதியம் மிகுந்த நாட்டுக்கு உழைப்பாளர் இடம்பெயர்வதைக் காட்டும் அம்புக்குறி. ஒருநாள் அதை வரைந்து முடித்தபோது, இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து படித்த மாணவர் ஒருவர் எழுந்து, அந்த அம்புக்குறி எந்த நாட்டின் கடவுச்சீட்டில் பயணம் செய்கிறது என்று கேட்டார். வகுப்பு சிரித்தது; அவர் சிரிக்கவில்லை. தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த அவரிடம் எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லை. அன்று என்னிடமும் விடை இல்லை. அந்தக் கேள்வியின் தூண்டுதலில்தான் நார்வே நாட்டு ஃபிரித்யாஃப் நான்செனின் வாழ்க்கையை முழுமையாகப் படித்தேன்.

1861-இல் பிறந்த நான்சென் முதலில் ஒரு விலங்கியலாளர். நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். அதே 1888-ஆம் ஆண்டில் ஐந்து தோழர்களுடன் பனிச்சறுக்குக் கட்டைகளின் துணையோடு கிரீன்லாந்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். மக்கள் வாழ்ந்த மேற்குக் கரையிலிருந்து புறப்படுவதே பாதுகாப்பானது என்று பலரும் கருதினர். அவரோ ஆளரவமற்ற கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து புறப்பட்டால் திரும்பிப் போக இடமில்லை. முன்னே செல்வது ஒன்றே வழி. பின்னாளில் அகதிகள் பணியிலும் இதே மனப்பாங்கைக் காண்கிறோம்.

1893-இல் 'ஃபிராம்' என்ற கப்பலை ஆர்க்டிக் பனியில் வேண்டுமென்றே உறையவிட்டு, பனியின் நகர்வோடு வடதுருவத்தை நெருங்க முயன்றார். பனி நெருக்கும்போது நொறுங்காமல் மேலெழும் வகையில் கப்பலின் அடிப்பாகம் உருண்டையாக அமைக்கப்பட்டிருந்தது. 1895-இல் ஜோஹான்சென் என்ற ஒரே துணைவருடன் கப்பலைவிட்டு இறங்கி, அதுவரை மனிதர் எவரும் எட்டியிராத 86 பாகை 14 கலை வட அட்சரேகையை அடைந்தார். திரும்பும் வழியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கல்லும் வால்ரஸ் தோலும் கொண்டு கட்டிய குடிலில், கரடி இறைச்சியை உண்டு இருவரும் உயிர் பிழைத்தனர். 1896-இல் தாயகம் திரும்பியபோது அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார். 1905-இல் ஸ்வீடனிடமிருந்து நார்வே பிரிந்தபின் லண்டனில் அதன் தூதராகவும் பணியாற்றினார்.

அந்தப் புகழோடு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால், 1920-இல் புதிதாகத் தோன்றிய பன்னாட்டுச் சங்கம், முதல் உலகப் போரின் கைதிகளை வீடு சேர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. கையில் பெரும் நிதி இல்லை. சோவியத் அரசை அப்போது பெரும்பாலான நாடுகள் அங்கீகரிக்கவும் இல்லை. மாஸ்கோவுடன் நேரடியாகப் பேசி, பால்டிக் கடல் வழியே கப்பல்களை இயக்கி, இரண்டே ஆண்டுகளில் 4 லட்சத்து 27 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் ஊர் சேர்த்தார்.

எல்லா முயற்சியும் வெற்றி பெறவில்லை. 1921-இல் வோல்கா சமவெளியைப் பஞ்சம் வாட்டியபோது, ஐரோப்பிய அரசுகளிடம் கடனுதவி கேட்டு ஜெனீவாவில் மன்றாடினார். உணவு அனுப்பினால் சோவியத் ஆட்சி வலுப்பெறும் என்று அரசுகள் மறுத்துவிட்டன. பட்டினிக்கு அரசியல் நிறம் பார்த்த அந்த மறுப்பு அவரை இறுதிவரை வருத்தியது. பஞ்ச நிவாரணத்தின் பெரும்பகுதியை ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண அமைப்பே சுமந்தது.

அதே ஆண்டில் ரஷிய அகதிகளுக்கான உயர் ஆணையராக நான்சென் நியமிக்கப்பட்டார். புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் தொடர்ந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறியிருந்தனர். 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணையின் மூலம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. பழைய ஜார் ஆட்சியின் ஆவணங்கள் செல்லாக் காசாயின. வேலை இருக்கும் நாட்டுக்குள் நுழைய ஆவணம் வேண்டும்; ஆவணம் தர ஓர் அரசு வேண்டும்; அரசோ கைவிட்டுவிட்டது.

இந்த முடிச்சை நான்சென் ஒரு தாளைக் கொண்டு அவிழ்த்தார். 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய அரசுகள், அகதிகளுக்கு ஓர் அடையாள, பயணச் சான்றிதழ் வழங்க ஒப்புக்கொண்டன. அதுவே 'நான்சென் கடவுச்சீட்டு' எனப் பெயர் பெற்றது. அது குடியுரிமையைத் தரவில்லை. தொடக்கத்தில், வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூட உறுதிசெய்யவில்லை. அந்தக் குறையைப் போக்க 1926-இல்தான் முயற்சி எடுக்கப்பட்டது. ஆயினும், ஓர் அரசின் சொத்தாக அல்லாமல் தனிமனிதராகவே ஒருவரை உலகம் அடையாளம் காண அது வழிவகுத்தது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. 1924-இல் ஆர்மீனியர்களுக்கும் 1928-இல் அசிரியர்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இசைமேதை ஸ்டிராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபகோவும் அதை வைத்திருந்தவர்களே.

பொருளாதார மாணவனாக என்னைக் கவர்வது அதன் சிக்கனம். பன்னாட்டுச் சங்கம் நிர்வாகச் செலவை மட்டுமே ஏற்றது. வசதியுள்ள அகதிகள் ஐந்து தங்க பிராங்கு மதிப்புள்ள 'நான்சென் அஞ்சல்தலை'யை வாங்கிச் சான்றிதழில் ஒட்டினர். அந்தப் பணம் வறிய அகதிகளுக்கான நிதியில் சேர்ந்தது. 1925 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆள் தேவைப்பட்ட நாடுகளுக்கும் வேலை தேடிய அகதிகளுக்கும் பாலமாகச் செயல்பட்டது. போரில் ஆண்களை இழந்திருந்த பிரான்ஸின் தொழிற்சாலைகளில் ரஷிய அகதிகள் வேலை பெற்றனர். ஆவணமற்றவரால் எந்தக் கூலியையும் மறுக்க முடியாது. அந்தத் தாள் அவர்களுக்குப் பேரம் பேசும் வலிமையைச் சிறிதேனும் அளித்தது.

நான்செனைக் குறையற்றவராகச் சித்திரிப்பது நேர்மையாகாது. 1922-இல் கிரேக்கப் படை துருக்கியில் தோற்றபின் லட்சக்கணக்கானோர் கிரேக்கத்தில் குவிந்தனர். அப்போது இரு நாடுகளும் சிறுபான்மையினரைப் பரிமாறிக்கொள்ளும் திட்டத்தை அவர் முன்வைத்தார். 1923 ஜனவரியில் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை அதைக் கட்டாயமாக்கியது. மதமே அளவுகோலானது. துருக்கி மொழி மட்டுமே அறிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். மேலும் படுகொலை நேராமல் தடுக்கவே அவர் அதை ஆதரித்தார் என்பது உண்மை. எனினும், போக விரும்பாதவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. ஒருவரைத் தனிமனிதராக அங்கீகரித்த தாளுக்கும், கூட்டமாகக் கணக்கிட்டு அனுப்பிய உடன்படிக்கைக்கும் ஒரே மனிதரே காரணமாக இருந்தார். அகதிகள் பாதுகாப்பு என்பது நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது, உரிமையாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1922-ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தை நிவாரணப் பணிகளுக்கே செலவிட்டார். ஆர்மீனியர்களைக் குடியமர்த்த 1925-இல் நேரில் சென்று பாசனத் திட்டம் வகுத்தார். நிதி தர அரசுகள் முன்வரவில்லை. 1930 மே 13-ஆம் நாள் தம் இல்லத்தில் காலமானார். அவர் பெயரில் தொடங்கிய பன்னாட்டு அலுவலகம் 1938-இல் அமைதி நோபல் பரிசைப் பெற்றது. 1933-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் அவர் இட்ட அடித்தளத்தின் மீதே எழுந்தன. அகதிகளுக்குப் பயண ஆவணம் வழங்குமாறு கூறும் 1951 உடன்படிக்கையின் 28-ஆவது பிரிவு நான்சென் கடவுச்சீட்டின் நேரடி வாரிசு.

அந்த உடன்படிக்கையில் இந்தியா இணையவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. ஆயினும் நம் மண் பல தலைமுறைகளாக அகதிகளை ஏற்று வந்துள்ளது. திபெத்திய அகதிகள் வெளிநாடு செல்ல இந்திய அரசே அடையாளச் சான்றிதழ் வழங்கி வருகிறது. நான்சென் தாளைப் போன்ற ஒன்றை உருவாக்க நமக்குத் தெரியும் என்பதே இதன் பொருள். முகாம்களில் பிறந்து, இங்கேயே பட்டம் பெற்ற இலங்கைத் தமிழ் இளைஞர்களின் குடியுரிமை பற்றிய பெரிய கேள்விக்கு விடை காணக் காலமாகலாம். அதுவரை, உரிய ஆவணம் ஒன்று அவர்களுக்கு எளிதாகக் கிடைக்கச் செய்வதில் எவருக்கும் இழப்பில்லை.

என் மாணவரின் கேள்விக்கு இன்று விடை சொல்வேன். அந்த அம்புக்குறி தானாக எல்லையைக் கடப்பதில்லை. அதன் கையில் யாராவது ஒரு தாளைக் கொடுத்தாக வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் அதைக் கொடுக்க ஒருவர் முன்வந்தார்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).