இப்னு பதூதா பிறந்த நாடு

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம், இம்முறை குடும்பத்தாரை எந்த நாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று நம் வியாபார அன்பர்கள் ஆலோசிப்பதுண்டு. உம்ராவை முடித்துக்கொண்டு மொராக்கோ நாட்டையும் பார்த்துவர விரும்புவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். பயண ஏற்பாட்டாளர் தரும் தாளில் ஊருக்கு ஒரு பகலாக ஐந்தாறு பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்தந்த ஊரை எதற்காகப் பார்க்கிறோம் என்பது மட்டும் அத்தாளில் இராது. ஆகவே டிக்கெட் எடுக்குமுன், அந்நாட்டில் பிறந்த ஒரு பெரியாரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நலம் என்பது நமது எண்ணம். அவர்தாம் இப்னு பதூதா. உலகத்தைச் சுற்றியவர் என்று எல்லோரும் அறிவார்கள். சொந்த நாட்டை அவர் கடைசியில்தான் சுற்றிப் பார்த்தார் என்பதைப் பலர் அறியார்.

வட ஆப்பிரிக்காவின் மேற்கு முனையில், ஐரோப்பாவை எட்டிப் பார்த்தபடி இருக்கும் தஞ்ஜா என்னும் துறைமுகத்தில் 1304ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பிறந்தார். காஜிகள் பலரைத் தந்த குடும்பம். மாலிக்கி மத்ஹபின் சட்டங்களைக் கற்றுத் தேறினார். ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2இல், அதாவது 1325 ஜூன் 14இல், 21 வயது வாலிபராக ஹஜ்ஜுக்குத் தனியே புறப்பட்டார். பெற்றோர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தார்கள். பிரிவு அவர்களுக்கும் தமக்கும் எவ்வளவு துயரமாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார். தூனிஸ் நகரை அடைந்தபோது, கூட வந்தவர்களையெல்லாம் ஊரார் எதிர்கொண்டு ஸலாம் சொல்லித் தழுவிக்கொள்ள, தம்மை அறிந்தவர் ஒருவருமின்றிக் கண்ணீர் விட்டு அழுதார். முதன்முதலாகக் கடல் கடந்து வந்திறங்கிய நாளை மறவாத முதியவர்களுக்கு அந்த அழுகை விளங்கும்.

ஹஜ்ஜோடு அவர் நிற்கவில்லை. எகிப்து, ஷாம், இராக், பாரசீகம், யமன், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை, துருக்கியர் நாடுகள் ஆகியவற்றைக் கடந்து டில்லிக்கு வந்தார். சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக்கி ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கொடுத்தார். அதுவும் போதவில்லை. வியாபாரிகளிடம் அவர் வாங்கிய கடன் 55,000 தீனாருக்கு ஏறிவிட்டது. கடன் கொடுத்தவர்கள் நெருக்க, சுல்தானிடமே போய் அடைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. கைநிறையச் செலவழிக்கும் வாடிக்கையாளர்களைப் பார்த்தவர்களான நமக்கு இதில் வியப்பில்லை!

பின்பு சீனாவுக்குத் தூது போகுமாறு சுல்தான் பணித்தார். கள்ளிக்கோட்டையில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்க, பரிசுப் பொருள் ஏற்றிய கப்பல் புயலில் உடைந்தது. வெறுங்கையுடன் டில்லி திரும்ப அஞ்சி மாலத்தீவுக்குப் போனார். அங்கும் காஜியானார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறிவிட்டு, 1344ஆம் ஆண்டு வாக்கில் நம் முன்னோர் வாழ்ந்த மஃபர் கரைக்கு வந்தார். கரை சேருமுன் கப்பல் சிதைந்தது. மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், இப்னு பதூதா டில்லியில் மணந்த பெண்ணின் சகோதரிக்குக் கணவர். உறவினர் என்பதற்காக அவருடைய குற்றத்தை இவர் மறைக்கவில்லை. போரில் பிடிபட்டவர்களையும் பெண்டு பிள்ளைகளையும் அச்சுல்தான் கொன்ற கொடுமையை வெறுப்போடு எழுதி வைத்திருக்கிறார். மதுரையில் அப்போது கொள்ளை நோய் பரவியிருந்தது. அங்கிருந்து மேற்குக் கரைக்குத் திரும்பிய பின் கடற்கொள்ளைக்காரர்கள் உடுத்த துணி நீங்கலாக எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பிறகு வங்காளம், சுமத்திராவின் சமுத்ரா நகரம், சீனா என்று பயணம் தொடர்ந்தது. சீனப் பகுதியை முழுதும் அவர் நேரில் கண்டாரா என்று ஐயுறும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள்.

இனி நாம் சொல்ல வந்த பகுதி. 1348இல் அவர் டமாஸ்கஸ் வந்து சேர்ந்தார். இருபதாண்டுகளுக்கு முன் அங்கே கர்ப்பிணியான ஒரு மனைவியை விட்டுச் சென்றிருந்தார். ஆண் குழந்தை பிறந்த செய்தி இந்தியாவில் இருந்தபோது கிடைக்க, பிள்ளையின் பாட்டனாருக்கு 40 பொன் தீனார் அனுப்பி வைத்தார். இப்போது வந்து விசாரித்தால், பையன் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஊரில் தஞ்ஜாவைச் சேர்ந்த ஆலிம் ஒருவரைக் கண்டு வீட்டு நலம் கேட்டார். தகப்பனார் வபாத்தாகி 15 ஆண்டுகள் ஆகின்றன, தாயார் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. பணம் அனுப்பினால் போய்ச் சேர்கிறது; மனிதன் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

அந்த ஆண்டில்தான் கறுப்பு மரணம் என்னும் பெருங்கொள்ளை நோய் ஷாம், எகிப்து நாடுகளை அழித்தது. அதனூடே மேற்கு நோக்கி வந்த இப்னு பதூதா, 1349இல் சொந்த நாட்டின் தாஸா என்னும் ஊரை அடைந்தபோது, தாயாரும் அந்நோயில் இறந்துவிட்டதை அறிந்தார். நவம்பரில் ஃபாஸ் நகரம் சேர்ந்து, பின்னர் தாயாரின் கப்ரை ஜியாரத் செய்யத் தஞ்ஜா சென்றார். ஃபாஸுக்குக் கிழக்கே ரயில் பாதையில் இருக்கும் தாஸாவைப் பயணத் தாள்கள் குறிப்பதில்லை. நேரமுள்ளவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.

அதன் பிறகே அவருக்குத் தம் நாடு கண்ணில் பட்டது. அந்தலூஸுக்குப் போய்வந்து, ஸலா, மர்ராக்குஷ், மிக்னாஸ் நகரங்களைச் சுற்றினார். வியாபாரியைப் போல விலைவாசியைக் குறித்துக்கொண்டார். எகிப்தின் ஒரு வெள்ளித் திர்ஹம் மக்ரிபின் ஆறு சிறு திர்ஹம்களுக்குச் சமம் என்றும், எகிப்தில் ஒரு வெள்ளித் திர்ஹமுக்குக் கிடைக்கும் இறைச்சி இங்கே விலை ஏறிய காலத்திலும் அதன் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்றும் கணக்குக் காட்டினார். மர்ராக்குஷைப் பார்த்தபோது பக்தாதின் நினைவு வந்ததாகவும், கடைத்தெரு மட்டும் பக்தாதிலேயே மேல் என்றும் எழுதினார். குத்துபிய்யாப் பள்ளிவாசல் அன்றும் அங்கே நின்றது. 2023 செப்டம்பரில் அந்நகருக்குத் தெற்கே மலைப்பகுதியில் பெரும் பூகம்பம் ஏற்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கோடையில் அங்கே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் மார்ச் முதல் மே வரை போவதே நன்று.

1351இல் பாலைவனத்தின் வாசலான சிஜில்மாஸாவுக்குப் போய், ஒட்டகங்களும் நான்கு மாதத் தீவனமும் வாங்கினார். அங்கே அவருக்கு வீடு கொடுத்தவர் அல்புஷ்ரீ என்ற ஆலிம். இந்த அல்புஷ்ரீயின் சகோதரரை இப்னு பதூதா சீனாவில் செல்வந்தராகச் சந்தித்திருந்தார்! ஸப்தா என்னும் ஊர்க்காரர்களான அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் சீனாவிலும் ஒருவர் ஸஹாரா ஓரத்திலும் வாழ்ந்திருக்கிறார்கள். சிஜில்மாஸா இன்று ரிஸ்ஸானி என்னும் சிற்றூருக்கருகில் மண்சுவர்களாகக் கிடக்கிறது. ஒட்டகச் சவாரிக்காக மெர்ஸூகா மணல்மேடுகளுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்தே போகிறார்கள். ஒரு மணி நேரம் நிற்பதால் குறைவொன்றுமில்லை.

அங்கிருந்து 25 நாட்களில், வீடுகளே உப்புக் கட்டிகளால் கட்டப்பட்ட தகாஸா. பிறகு மாலி நாடு. சுல்தான் அபூ இனான் திரும்பி வரும்படி கட்டளையிட, 1353 டிசம்பர் இறுதியில் சிஜில்மாஸாவிலிருந்து பனிமூடிய மலைவழியே ஃபாஸுக்குப் புறப்பட்டார். புகாரா, சமர்க்கந்துப் பனியையெல்லாம் கண்டவர், இதைவிடக் கடினமான பாதையைத் தாம் கண்டதில்லை என்று எழுதுகிறார். டிசம்பரில் அட்லஸ் மலைவழியாக வாகனத்தில் போக எண்ணுவோர் இதை நினைவிற்கொள்க.

ஃபாஸில் சுல்தானின் ஆணைப்படி இப்னு பதூதா தம் பயணங்களைச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அந்நகரின் புகழ்பெற்ற பூ இனானிய்யா மதரஸா கட்டப்பட்டு வந்தது. ஃபாஸுக்கு ஒரு பகல் ஒதுக்குவது போதவே போதாது. மூன்று நாளாவது வேண்டும். பழைய நகரத்துக்குள் மோட்டார் வண்டி கிடையாது, சரக்கெல்லாம் கழுதை, கோவேறு கழுதைகளின் முதுகில்தான். ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா என்ற பெண்மணி 859இல் நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் பிற மதத்துச் சுற்றுலாவினர் நுழைய இயலாது. நாம் தொழப் போகலாம். தோல் வியாபாரம் செய்யும் அன்பர்கள் பதனிடும் தொட்டிகளைக் காணாமல் திரும்பமாட்டார்கள் என்று நமக்குத் தெரியும்.

அரசவையில் பலர் அவர் சொன்னதை நம்பவில்லை. வரலாற்று மேதை இப்னு கல்தூன் இதைக் குறித்திருக்கிறார். தாமும் ஐயுற்று அமைச்சர் ஒருவரிடம் பேசியபோது, சிறையிலேயே வளர்ந்த ஒரு பையனின் கதையை அமைச்சர் சொன்னாராம். ஆடு என்றால் என்னவென்று தகப்பன் எவ்வளவோ விளக்கியும், எலியைத் தவிர வேறு பிராணியைக் கண்டிராத அப்பையன் ஆட்டையும் எலியாகவே எண்ணிக்கொண்டான் என்பது கதை.

மீதி வாழ்நாளை இப்னு பதூதா மொராக்கோவிலேயே காஜியாகக் கழித்து, 1368 அல்லது 1369இல் வபாத்தானார் என்பர். அவர் நூலைப் பிரெஞ்சு அறிஞர்கள் இருவர் 1853 முதல் 1858 வரை நான்கு பாகங்களாகப் பாரிஸில் பதிப்பித்த பின்னரே உலகம் அவரை நன்கறிந்தது. தஞ்ஜாவின் விமான நிலையத்துக்கு இன்று அவர் பெயர். காஸாபிளாங்காவில் இறங்குகிறவர்கள், 2018இல் தொடங்கிய விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாகத் தஞ்ஜா சேர்ந்துவிடலாம். பழைய நகரின் ஒடுங்கிய சந்தொன்றில் அவருடையதெனக் காட்டப்படும் சிறிய கப்ரு இருக்கிறது. அது அவருடையதுதானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயமுண்டு. ஆயினும் ஊரார் காட்டுவது அதைத்தான்.