மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (ஜூன் 30, 1912 - பிப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் ஆவார். தென்னிந்தியக் குரங்கினங்களையும் பிற பெரிய பாலூட்டிகளையும் அவற்றின் வாழிடத்தோடு சேர்த்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

திருநெல்வேலியில், புதின ஆசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகனாகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் மலைப்பகுதிகளுக்குச் சென்று செடிகொடிகளை அறிந்தார். விலங்கைப் பற்றி எழுதுகையில் அது தின்னும் இலையையும் மறவாமல் குறிப்பிடும் வழக்கத்துக்கு இப்பயிற்சியே வித்திட்டது எனலாம். சட்டமும் பயின்றார். 1942 இல் சண்டூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். 1950 முதல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதிவந்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குரங்கினங்களும் காடும்

1968 இல் ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கை பெற்று, தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் களத்தில் ஆராய்ந்தார். முடிவுகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாகி, 1975 இல் நூலாயின. குரங்கினங்களும் இவ்வாய்வில் அடங்கும்.

இந்தியாவில் மனிதக் குரங்குகளுள் சிற்றினமான ஊலக் கிப்பன் மட்டுமே, அதுவும் வடகிழக்கில், உண்டு. எனினும் போர்னியோவில் செம்பனைத் தோட்டங்களால் ஒராங்குட்டானுக்கு நேர்ந்தது, மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைமந்திக்கு (சிங்கவால் குரங்கு) முன்னரே நேர்ந்துவிட்டது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னிய பசுமைமாறாக் காட்டில் வாழும் இவ்விலங்கு தரைக்கு அரிதாகவே இறங்கும். ஆனைமலையில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டதால் அதன் கூட்டங்கள் துண்டுக் காடுகளில் சிக்கின. வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதி மந்திகள் சாலையைக் கடக்கையில் வாகனங்களில் அடிபடுவதால், மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டப்பட்டுள்ளன. நீலகிரிக் கருமந்தியோ மருந்துக்காகவும் வேட்டையாடப்பட்டது. இதே மலைத்தொடரின் அமராவதி, உடுமலைப்பேட்டை வனச்சரகங்கள் இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ளன.

வேட்டையைத் தடுப்பது மட்டும் போதாது, இயற்கையான தாவரங்களோடு காடும் காக்கப்பட வேண்டும் என்பது கிருஷ்ணனின் நிலைப்பாடு. அயல்நாட்டு மரங்களைக் காடுகளில் நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். மரம் நடுதலே போற்றப்பட்ட அந்நாளில் இது பலருக்குப் பிடிவாதமாகத் தோன்றியது. இந்திய வனவிலங்கு வாரியத்தின் உறுப்பினராகவும் இருந்தார்.

இவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் நூலாக வெளியிட்டுள்ளார்.