டெட்ராய்ட் தந்த தாளத் தொழிலாளி

மோட்டார் கார் என்றால் டெட்ராய்ட். ஒரு காலத்தில் உலகம் முழுவதும் அதுதான் பேச்சு. அந்நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையிலே, 1913-ஆம் ஆண்டு, ஹென்றி ஃபோர்டு நகரும் வரிசையை ஓடவிட்டார். வண்டி நகர்ந்து வரும். தொழிலாளி நின்ற இடத்திலேயே நின்று, ஒரே திருகை ஒரே விதமாக நாள் முழுதும் முடுக்க வேண்டும். மனிதனின் கை இயந்திரத்தின் வேகத்துக்கு அடிமைப்பட்டது அன்று.

அந்த ஊரிலே பிறந்த ஒரு கறுப்பின இளைஞர், இயந்திரத்தைத் தம் கையின் போக்குக்கு வளைத்துக் காட்டினார். ஆலையிலே அல்ல, இசையிலே! ஜேம்ஸ் டெவிட் யான்சி என்பது பெற்றோர் இட்ட பெயர். ஜே டீ என்றும், பின்னர் ஜே டில்லா என்றும் இசையுலகம் அழைத்தது.

1974 பிப்ரவரி 7-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜாஸ் இசையில் பாஸ் வாசித்தவர். தாய் மொரீன் யான்சி, ஆபரா பாடப் பயின்றவர். வீட்டிலே பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஊர்? 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம் அது. 1967 ஜூலைக் கலவரத்திலே 43 உயிர்கள் பலியாயின. வெள்ளையர் வெளியேறினர், ஆலைகள் வெளியேறின. 2000-இல் கணக்கெடுத்தபோது பத்து லட்சம் பேர்கூட இல்லை. கார் ஆலையிலே வேலை பார்த்து, அந்த வரிசை முறையையே பாட்டுத் தயாரிப்புக்கும் கொண்டுவந்த பெரி கோர்டியின் புகழ்பெற்ற மோட்டவுன் நிறுவனமும் 1972-இல் மூட்டை கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டது. முதலாளிகள் போன பிறகு மிஞ்சிய ஊரிலேதான் இந்தச் சிறுவன் வளர்ந்தான்.

ஹிப்-ஹாப் என்ற இசை நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலே, 1973 வாக்கில், வறியவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டாக்கியது. வாத்தியம் வாங்கக் காசில்லை. பழைய இசைத்தட்டுகள் இருந்தன. இரண்டு தட்டுகளை இரண்டு சுழல்மேடைகளிலே ஓடவிட்டு, நடுவே வரும் தாளத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார்கள். அதைச் செய்பவர் டிஜே. பின்னர் அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது. தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை அறுத்தெடுத்துப் பெட்டிக்குள் வைத்து, பொத்தானைத் தட்டி வாசிக்கலாம்.

கோனண்ட் கார்டன்ஸ் என்ற அவருடைய பேட்டையிலேயே ஆம்ப் ஃபிட்லர் என்ற இசைக்கலைஞர் இருந்தார். தம் வீட்டுக் கதவைப் பேட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைத்த நல்லவர். எம்.பி.சி. என்னும் அந்தப் பெட்டியை ஜேம்சுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவரே. 16 ரப்பர் பொத்தான்கள் கொண்ட கருவி. வாசிப்பவன் மயிரிழை முந்தினாலும் பிந்தினாலும், அதைத் தானே திருத்திக் கட்டத்துக்குள் தள்ளிவிடும் வசதி அதிலே உண்டு. மேஸ்திரி பக்கத்திலே நின்று கையைப் பிடித்துத் திருத்துவது போல!

அந்த மேஸ்திரிக்கு யான்சி தலைவணங்கவில்லை. திருத்தும் வசதியை அணைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று சொல்வோர் உண்டு. அது பாதி உண்மை. வெறுமனே அணைத்தால் வருவது தடுமாற்றம். அவர் செய்தது கணக்குப் பார்த்த வேலை. ஒரு ஒலியை இழையளவு முன்னே தள்ளுவார், இன்னொன்றைப் பின்னே இழுப்பார், சீரான நடையின் மேல் ஆடும் நடையை ஏற்றுவார். பட்டறையிலே இருவர் மாறி மாறிச் சம்மட்டி போடும்போது, அடி கடிகாரக் கணக்கிலா விழுகிறது? ஆயினும் தப்புவதில்லை அல்லவா! அந்த உயிரோட்டம் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

வேடிக்கை என்னவென்றால், மனிதர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துப் பாடம் படித்தார்கள். 2000-இல் வந்த டி'ஏஞ்சலோவின் 'வூடூ' இசைத்தொகுப்பிலே டிரம் வாசித்த குவெஸ்ட்லவ், இவரைப் போலப் பிந்தி அடிக்கப் புதிதாய்ப் பழகினார்.

பெயர் கிடைத்ததா? அங்கேதான் வருத்தம். தோழர்களுடன் அவர் அமைத்த ஸ்லம் வில்லேஜ் குழுவின் முதல் தொகுப்பு, கள்ளப் பிரதி ஒலிநாடாக்களிலேதான் ஊர் ஊராகப் போயிற்று. ஃபிட்லர் மூலம் 1994-இல் கியூ-டிப்பின் அறிமுகம் கிடைத்தது. 1996-இல் வெளிவந்த 'எ டிரைப் கால்ட் குவெஸ்ட்' தொகுப்பிலே யான்சியின் உழைப்பு நிறைய உண்டு. ஆனால் உறையிலே இருந்தது 'உம்மா' என்ற கூட்டுப் பெயர். கேட்டவர்களின் எண்ணம் புகழ்பெற்ற கியூ-டிப் பக்கம் போயிற்று. உழைத்தவர் யார் என்று துறைக்குள் இருந்தவர்களுக்கே தெரியும். பின்னர் எம்.சி.ஏ. நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, அவர் செய்துகொடுத்த தொகுப்பை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. அது வெளிவந்தது 2016-இல். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து!

2002-இல் நோய் பிடித்தது. நுண்ணிய நாளங்களிலே இரத்தம் உறையும் அரிய நோய். பின்னர் லூபசும் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்சுக்குக் குடிபெயர்ந்தார். மருத்துவமனையிலே மாதக்கணக்கில் கிடந்தார். தாய் ஊரை விட்டு வந்து பக்கத்திலேயே இருந்தார். வீங்கிய விரல்களை அவர் பிடித்துவிடுவார். மகன் வேலையைத் தொடர்வார். 'டோனட்ஸ்' என்ற 31 துண்டுகள் கொண்ட தொகுப்பு முழுவதும் படுக்கையிலே பிறந்தது என்பது பின்னால் வளர்ந்த கதை. வீட்டிலே தொடங்கி, மருத்துவமனையிலும் தொடர்ந்த வேலை அது. 2005 இறுதியிலே சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஐரோப்பிய மேடைகளிலும் தோன்றினார்.

2006 பிப்ரவரி 7, 'டோனட்ஸ்' வெளிவந்தது. அன்று அவருக்கு வயது 32. மூன்றாம் நாள், பிப்ரவரி 10, இறந்தார்.

விட்டுச்சென்றது என்ன? இரண்டு பெண் குழந்தைகள், பெருந்தொகை வரி பாக்கி, குவியல் குவியலாய் இசை. அந்த இசையின் வருவாய் சட்டப்படி சொத்து நிர்வாகிகளின் கைக்குப் போயிற்று. மருத்துவச் செலவுக் கடனோ தாயின் தோளிலே விழுந்தது. உலகமெங்கும் இளைஞர்கள் ஆண்டுதோறும் பிப்ரவரியிலே அவர் நினைவுக்கு விழா எடுத்தார்கள். டெட்ராய்ட்டிலே தாய் கடனோடு போராடினார்.

மகன் வாசித்த எம்.பி.சி. 3000 பெட்டியும், ஒரு மூக் வாத்தியமும் வீட்டிலே இருந்தன. விலை சொல்லியிருந்தால் வாங்க ஆளா இல்லை? மொரீன் யான்சி அவற்றை விற்கவில்லை. 2014-இல், வாஷிங்டனில் அமையவிருந்த ஆப்பிரிக்க-அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகத் தருவதாக அறிவித்தார். 2016 செப்டம்பரிலே அதன் கதவுகள் திறந்தன.