ஒளிக்கோட்டைப் பிளந்த ஸ்டார்க்

வாயுக்கள் இயல்பாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. மின்புலம் ஓர் எல்லையைக் கடந்ததும் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரிந்து பெருக, வாயு நொடியின் மிகச் சிறு கூற்றில் பிளாஸ்மாவாகி மின்சாரத்திற்கு வழிவிடுகிறது. அவ்வேளையில் உள்ளே நிலவும் மின்புலத்தை அளக்க உலோகமுனையை நுழைத்தால், அதுவே அப்புலத்தைக் குலைத்துவிடும். தொடாமல் அளக்கும் முறைக்கு அடிகோலியவர் ஜோகன்னஸ் ஸ்டார்க்.

1874ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்த இவர், மியூனிக் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1913இல் ஆகன் நகரில், ஹைட்ரஜன் ஒளிரும் இடத்தில் சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட் வலிவுள்ள மின்புலத்தை நிறுவினார். நிறமாலையின் ஒற்றைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்தது. புலம் வலுக்க வலுக்க, அவற்றின் இடைவெளியும் விரிந்தது. ஆகவே இடைவெளியை அளந்தால் புலத்தின் வலிமை புலப்படும். இத்தாலியின் லோ சுர்தோவும் அதே காலத்தில் மின்னிறக்கக் குழாயினுள் இவ்விளைவைக் கண்டார். 1919ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஸ்டார்க்கைச் சேர்ந்தது.

1907இல் தாம் நடத்திய ஆண்டிதழுக்குக் கட்டுரை வேண்டி ஐன்ஸ்டைனை நாடியவர் இவரே. அவ்விளைவுக்கு 1916இல் குவாண்டம் கொள்கைவழி விளக்கம் தந்த எப்ஸ்டைன், ஷ்வார்ட்ஷில்ட் இருவரும் யூத மரபினர். எனினும் ஸ்டார்க் அக்கொள்கைகளை வெறுத்தார். 1924இல் ஹிட்லரை வெளிப்படையாக ஆதரித்தார். அறிவியலுக்கும் இன அடையாளம் உண்டென வாதிட்டார். 1933இல் நாட்டின் தலைமை அளவியல் நிறுவனம் அவர் கைக்கு வந்தது. 1937இல் எஸ்.எஸ். படையின் இதழ், யூதரல்லாத ஹைசன்பர்க்கையும் ஐன்ஸ்டைன் வழி நின்றதற்காக இழித்துரைத்தபோது, ஸ்டார்க் அதற்குத் துணைநின்று எழுதினார்.

போருக்குப் பின், 1947இல், நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டால் சிறை தவிர்ந்தது. 1957ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் மறைந்தார்.

இன்றும் பிளாஸ்மா ஆய்வாளர்கள் ஸ்டார்க் விளைவைக்கொண்டு மின்புலத்தை அளக்கின்றனர். அந்த அளவீட்டின் கணக்கோ, அவர் வெறுத்த குவாண்டம் கொள்கையின்மீது நிற்கிறது. உண்மை, கண்டவரின் குலத்தையும் கேட்பதில்லை. வெறுப்பவரின் விருப்பத்தையும் கேட்பதில்லை. அளவியல் நிறுவனத்தின் தலைவராய் அமர்ந்தவர், மனிதரை மட்டும் பிறப்பால் அளந்தார். அவ்வளவில் அவர் பெற்ற பெருமை பாதியாய்க் குறைந்தது.